சுகாதார, கல்வி அமைச்சர்களுக்குத் தலைமைப் பயிற்சி: எதைக் கற்றுத்தர முடியும், எதை முடியாது?

வைகைக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பொது சுகாதாரம் பாடம் நடத்துகிறவன் நான். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒரு விஷயத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

ஐஏஎஸ் தேர்வானவர் முசோரியிலும் மாவட்டத்திலுமாக இரண்டு வருடம் பயிற்சி எடுக்கிறார். ஆசிரியருக்கு பி.எட். வேண்டும். செவிலியர் பட்டப்படிப்பு நான்கு வருடம். இவர்கள் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்து முடிவெடுக்கும் சுகாதார அமைச்சருக்கும் கல்வி அமைச்சருக்கும், பதவிப் பிரமாணம் எடுத்த மறுநாளே கோப்பு வந்துவிடுகிறது. மக்கள் தேர்ந்தெடுத்தவருக்குத் தகுதித் தேர்வு வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது ஜனநாயகத்துக்கே விரோதம். ஆனால் வந்து உட்கார்ந்தவருக்கு உதவி வேண்டுமா இல்லையா?

உலகத்தில் இதற்கு ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரப் பள்ளி, கென்னடி அரசியல் பள்ளி, கல்விப் பள்ளி மூன்றும் சேர்ந்து அமைச்சர்களுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் பதவியில் இருக்கும் சுகாதார, கல்வி அமைச்சர்களை அழைத்தார்கள், கூடவே நிதி அமைச்சர்களையும். சில நாள் அமர்வு. 'பதவியை விட்டுப் போகும்போது என்ன ஒன்றை விட்டுப் போகப் போகிறீர்கள்?' என்று கேட்டு, அதை ஒரு இலக்காக எழுதவைத்து, ஊருக்குத் திரும்பிய பிறகு அதை நடத்த உதவுவது என்பது ஏற்பாடு.

அப்போது அந்தப் பொது சுகாதாரப் பள்ளியின் தலைவர் ஹூலியோ ஃபிரெங்க். 2000 முதல் 2006 வரை மெக்சிகோவின் சுகாதார அமைச்சராக இருந்தவர். அவர் வந்தபோது அந்த நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காப்பீடு இல்லை. மருத்துவச் செலவில் பாதிக்கு மேல் மக்கள் கையிலிருந்து போனது. 'ஏழைகள் சாகிறார்கள்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு அவர் நிதி அமைச்சகத்துக்குப் போகவில்லை. சிகிச்சைச் செலவால் ஒவ்வொரு வருடமும் எத்தனை குடும்பங்கள் வறுமையில் விழுகின்றன என்ற கணக்கைக் கொண்டுபோனார். 2003-இல் சட்டம் திருத்தப்பட்டு 'செகுரோ பொபுலார்' என்ற மக்கள் காப்பீடு வந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மேடைப்பேச்சு, ஆளுமை வளர்ச்சி, குழு விளையாட்டு என்று நடக்கும் பயிற்சியால் ஒரு பயனும் இல்லை. நிதித்துறையோடு எப்படிப் பேசுவது, பத்துத் திட்டத்தில் எதைக் கைவிடுவது, தான் போன பிறகும் நிற்கும்படி ஒன்றை எப்படி அமைப்பது என்ற மூன்றையும் சொல்லித்தந்தால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

—

தாமரைக்குளம் எழுதியது:

அரசுப் பள்ளி ஆசிரியை நான். மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை.

பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு அலுப்பு. வருடத்துக்கு எத்தனை பயிற்சி! ஒரு கையேடு, ஒரு டீ, கடைசியில் கையெழுத்து. வகுப்பறையில் எதுவும் மாறுவதில்லை. எங்களுக்கே இப்படி என்றால் அமைச்சர்களுக்கு மட்டும் என்ன நடந்துவிடும்? 2019 செப்டம்பரில் உத்தரப்பிரதேச முதல்வரும் அமைச்சர்களும் லக்னோ ஐஐஎம்மில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தலைமைப் பண்பு வகுப்பு கேட்டார்கள். செய்தியில் படம் வந்தது. அப்புறம்?

வேலையை நடத்துவது அமைச்சர் இல்லை, செயலாளரும் இயக்குநரும்தான். அவர்களை ஒரு இடத்தில் மூன்று வருடம் விட்டுவைத்தாலே போதும். இடமாறுதலை நிறுத்துங்கள், பயிற்சி தேவைப்படாது.

—

கோப்புக்காரர் எழுதியது:

மாநில அரசின் நிதித்துறையில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வைகைக்கரை சொன்ன முதல் விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அங்கேதான் என் வாழ்நாள் போனது.

சுகாதாரத்துறையிலிருந்து ஒரு முன்மொழிவு வருகிறது என்று வையுங்கள். முதல் இரண்டு பக்கம் தேவையைப் பற்றி இருக்கும். தாய் சேய் நலம், மலைப்பகுதி, எல்லாம் உருக்கமாக எழுதியிருப்பார்கள். நாங்கள் அதைப் படிக்காமலில்லை. ஆனால் விரல் நேராகப் போவது செலவுப் பட்டியலுக்கு. அதில் ஒருமுறைச் செலவு எவ்வளவு, தொடர் செலவு எவ்வளவு? கட்டடம், கருவி, வண்டி எல்லாம் ஒருமுறைச் செலவு, இந்த வருடத்தோடு முடிந்தது. செவிலியர் பணியிடம் என்றால் சம்பளம், அகவிலைப்படி, அடுத்த ஊதியக்குழு, ஓய்வூதியம் என்று அரசு அதை எத்தனையோ வருடம் சுமக்க வேண்டும். ஓரத்தில் பென்சிலால் 'தொடர் செலவு?' என்று குறித்து, கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புவோம். மூன்று மாதம் கழித்து அது திரும்பி வரும்போது பணியிடங்கள் பாதியாகக் குறைந்திருக்கும், கட்டடம் அப்படியே இருக்கும்.

அதன் விளைவை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கட்டடம் பளபளவென்று இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. இதற்கு நிதித்துறையை மட்டும் திட்டுவது சரியில்லை. எதைக் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும் என்று பார்த்துக் கேட்கும் துறையும் காரணம். திறப்பு விழாவுக்குக் கட்டடம் போதும் என்று நினைக்கும் அமைச்சரும் காரணம்.

பெயர் வேண்டாம், நான் பார்த்த ஒரு அமைச்சர் வேறு மாதிரி. பெரிய படிப்பெல்லாம் இல்லை. தன் துறையில் பல வருடமாக நிரப்பப்படாமல் கிடந்த, இனி தேவையும் இல்லாத பணியிடங்களின் பட்டியலை எடுத்து வரச் சொன்னார். 'இவற்றை ஒப்படைக்கிறோம், இதற்கு ஈடாக இந்தப் புதிய பணியிடங்களைத் தாருங்கள், மூன்று வருடத்தில் படிப்படியாக' என்று எழுதிக் கோப்பு வந்தது. நாங்கள் கேட்கவேண்டிய கேள்விக்கெல்லாம் அவரே பதில் எழுதியிருந்தார். சீக்கிரமே ஒப்புதல் ஆனது.

தாமரைக்குளம் அம்மா, செயலாளர்தான் வேலையை நடத்துகிறார் என்பது உண்மை. ஆனால் இன்னொரு துறையின் அமைச்சரோடு உட்கார்ந்து 'இதை விட்டுக்கொடுங்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பேசி முடிக்க செயலாளரால் முடியாது. அது அமைச்சருக்கு மட்டும் உள்ள அதிகாரம். நான் பார்த்த அந்த அமைச்சருக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு யாராவது சொல்லித்தரலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிதி அமைச்சரையும் அதே அறையில் உட்காரவைத்தார்கள் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

—

செங்காந்தள் எழுதியது:

இதில் எனக்கு ஒரு அடிப்படைக் கவலை இருக்கிறது. ஒரு ஏழை நாட்டின் அமைச்சர் அமெரிக்காவுக்குப் போய், அறக்கட்டளைப் பணத்தில், 'உன் நாட்டுக்கு எது முக்கியம்' என்று உட்கார்ந்து எழுதுகிறார். அந்த இலக்கு அவர் மக்களிடமிருந்து வந்ததா, பணம் கொடுத்தவரிடமிருந்து வந்ததா?

2001-இல் அபுஜாவில் ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் இன்றுவரை அந்த அளவைத் தொடவில்லை. அதற்குக் கடன் சுமை, வெளிநாட்டு நிபந்தனைகள் என்று எத்தனையோ காரணங்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு அமைச்சருக்குத் தலைமைப் பண்பு போதவில்லை என்று சொல்வது, பழியை எளியவர் தலையில் போடுவது இல்லையா?

—

வைகைக்கரை எழுதியது:

செங்காந்தள், சரியான கேள்வி. எத்தியோப்பியாவை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது.

2003-இல் அங்கே சுகாதார விரிவாக்கத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு கெபேலேவுக்கும், அதாவது அங்கத்திய சிற்றூர் நிர்வாக அலகுக்கும், இரண்டு இளம்பெண்கள். பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்தவர்கள், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். ஒரு வருடப் பயிற்சி, மாதச் சம்பளம். இப்படி முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையில் சேர்ந்தார்கள். பிறகு குடும்பத்துக்கு ஒரு உறை என்று வைத்து, அந்த வீட்டின் கழிப்பறை, கொசுவலை, தடுப்பூசி, பிரசவம் எல்லாவற்றையும் அதில் பதிந்தார்கள். சுகாதார நிலையத்தின் மர அலமாரியில் ஊரே வரிசையாக அடுக்கியிருக்கும்; எந்த வீட்டுக் குழந்தைக்கு அடுத்த ஊசி என்று உறையை எடுத்தால் தெரிந்துவிடும். 1990-இல் அந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கு மேல் ஐந்து வயதுக்குள் இறந்தன. 2012-இல் அது எழுபதுக்குக் கீழே வந்தது. இந்தத் திட்டம் ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் பெரிய காரணம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2005 முதல் 2012 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் டெட்ரோஸ் அதானோம், பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரானவர். எய்ட்ஸுக்குத் தனிப் பணம், மலேரியாவுக்குத் தனிப் பணம் என்று வெளியிலிருந்து வந்தபோது, அவருடைய அமைச்சகம் 'ஒரே திட்டம், ஒரே பட்ஜெட், ஒரே அறிக்கை' என்று பிடிவாதம் பிடித்தது. தனி நோய்க்கு வந்த பணத்தின் ஒரு பகுதியைச் சுகாதார நிலையம் கட்டவும் ஆட்களைப் பயிற்றவும் திருப்பிக்கொண்டார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த அமைச்சரிடம் நன்கொடையாளர் வளைந்து கொடுக்கிறார். தெரியாதவர் நன்கொடையாளர் விருப்பத்துக்கு வளைகிறார். அதனால்தான் ஏழை நாட்டு அமைச்சருக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகவே தேவை என்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. பிறகு கட்டிய பெண்கள் மேம்பாட்டுப் படையில் லட்சக்கணக்கான பெண்கள் சம்பளமே இல்லாமல் உழைத்தார்கள். மேலிருந்து இலக்கு கொடுத்து வேலை வாங்கும் அரசாகவும் அது இருந்தது. அந்த விமர்சனம் நியாயமானது. இன்னொன்று, டெட்ரோஸ் மலேரியா ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கி, டிக்ரே மாநிலச் சுகாதாரப் பணியகத்தை நடத்திவிட்டுத்தான் மேலே வந்தார். அவரை எந்த வகுப்பறையும் உருவாக்கவில்லை. இதை ஒளிக்க விரும்பவில்லை.

—

மழைப்பொழுது எழுதியது:

இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். 'சில இலக்குகளை மட்டும் தேர்ந்தெடு, விடாமல் பின்தொடர்' என்பதைத்தான் எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிகிறது. அந்த முறை பிறந்த நாட்டில் அது என்ன செய்தது என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2001-இல் டோனி பிளேர் இரண்டாவது முறை வென்றதும் பிரதமர் அலுவலகத்தில் ஒரு நிறைவேற்றப் பிரிவு அமைத்தார். மைக்கேல் பார்பர் தலைமை. சுகாதாரம், கல்வி, குற்றம், போக்குவரத்து என்று சில துறைகள், கொஞ்சம் இலக்குகள். சில மாதத்துக்கு ஒருமுறை பிரதமரே அமைச்சரை உட்காரவைத்து, வரைபடத்தைக் காட்டி, 'ஏன் இந்தக் கோடு இறங்குகிறது' என்று கேட்பார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது ஒரு இலக்கு. காத்திருப்பு உண்மையிலேயே வெகுவாகக் குறைந்தது. முன்பு நோயாளிகள் தள்ளுவண்டியில் இரவு முழுக்கக் கிடந்ததைப் பார்த்த மூத்த செவிலியர்கள் இதை இன்றும் நன்றியோடு சொல்வார்கள்.

ஆனால் சில இடங்களில் ஆம்புலன்ஸை வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். நோயாளியை உள்ளே எடுத்தால்தானே கடிகாரம் ஓடத் தொடங்கும்? அதேபோல், குடும்ப மருத்துவரை 48 மணி நேரத்துக்குள் பார்க்க முடிய வேண்டும் என்று ஒரு இலக்கு. 2005 தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு தாய் எழுந்து பிளேரிடமே சொன்னார்: 'அடுத்த வாரத்துக்கு முன்பதிவு கேட்டால் தர மறுக்கிறார்கள், 48 மணி நேரத்துக்குள் வந்தால்தான் உண்டு என்கிறார்கள்.' பிரதமருக்கு அது செய்தி. அரங்கில் இருந்த பலருக்கு அதே அனுபவம் இருந்தது. இத்தனை வரைபடங்கள் அவர் மேசைக்குப் போயும் இந்த ஒரு விஷயம் போய்ச் சேரவில்லை.

ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நடந்தது இதைவிடக் கொடுமை. இலக்கையும் செலவுக் குறைப்பையும் துரத்தி, நோயாளிகளைக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கவனிக்காமல் விட்டதை 2013-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

அதனால் அமைச்சருக்குப் பயிற்சி கொடுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதில் ஒரு பாதி நேரத்தையாவது, கீழே இருப்பவர் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வழி செய்வது எப்படி என்பதற்கு ஒதுக்குங்கள். எண்களை மட்டும் பார்க்கப் பழகிய அமைச்சர் ஆபத்தானவர் என்பது என் வார்டில் இருந்து நான் சொல்வது.

—

கிள்ளான்வாசி எழுதியது:

மலேசியாவும் அந்த இங்கிலாந்து முறையைத்தான் எடுத்துக்கொண்டது. 2009-இல் பிரதமர் துறையில் 'பெமாண்டு' என்ற பிரிவை அமைத்தார்கள். விமான நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த இட்ரிஸ் ஜாலாவை அழைத்து வந்து தலைவராக்கினார்கள். ஆறு முக்கியத் துறைகள், கல்வி அதில் ஒன்று. அமைச்சர்களுக்கே அடைவு மதிப்பெண் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய 'லேப்'. பல அமைச்சுகளிலிருந்து அதிகாரிகளை வழக்கமான வேலையிலிருந்து விடுவித்து, வாரக்கணக்கில் ஒரே அறையில் உட்காரவைப்பார்கள். வெளியே வரும்போது கையில் வெறும் கொள்கை இருக்கக் கூடாது. யார், எந்தத் தேதியில், எவ்வளவு பணத்தில் என்று தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பார்ப்பதுபோல் விவரம் இருக்க வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தும் கேட்டார்கள். முதல் மூன்று ஆண்டு முடித்த பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் தெரிய வேண்டும் என்ற 'லினுஸ்' திட்டம் அப்படி வந்தது.

இப்போது அந்தப் பிரிவு இல்லை. ஒரு பிரதமரின் கையோடு கட்டிய ஏற்பாடு நெடுநாள் நிற்பதில்லை. 

—

யாழ்வாணி எழுதியது:

நல்ல இழை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வரலாற்றை வைக்க விருப்பம்.

எங்கட இலவசக் கல்வியைக் கொண்டுவந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1931 தொடக்கம் 1947 வரை பதினாறு வருசம் கல்வி அமைச்சராக இருந்தவர். இதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. 1940-இல் விசேட குழு, 1943-இல் அறிக்கை, 1945-இல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி. பதவியேற்று ஒன்பதாம் வருசத்தில்தான் அந்தக் குழுவே அமைந்தது. இண்டைக்கு எந்த நாட்டில் ஒரு கல்வி அமைச்சருக்கு ஒன்பது வருசம் கிடைக்கும்?

இன்னொரு விசயம் இருக்கு. பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியலமைப்பில் அமைச்சரவை இப்போதையதுபோல் இல்லை. அரசாங்க சபை எண்ட அப்போதைய சட்டமன்றத்தின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்யும், அவர்தான் அந்தத் துறை அமைச்சர். ஆகவே கன்னங்கரா தன் குழுவில் இருந்த, தன்னோடு ஒத்துப்போகாத ஆட்களையும் பேசிச் சம்மதிக்க வைக்காமல் ஒரு அடி எடுத்து வைக்கேலாது. மதப் பள்ளிக்கூடங்களை நடத்தினவை, ஆங்கிலப் பள்ளிக் கட்டணத்தில் வாழ்ந்தவை எல்லாரும் எதிர்த்தவை. அந்தப் பதினாறு வருசமும் அவருக்குப் பயிற்சிதான். வகுப்பு எடுக்க ஆள் இல்லாமலே நடந்த பயிற்சி.

அந்த மனிசர் 1947 தேர்தலில் தோற்றுப் போனார். ஆனால் இலவசக் கல்வி போகவில்லை. நாடு போர், நெருக்கடி எல்லாத்தையும் கடந்து வந்தும் அதில் கை வைக்க எந்த அரசாங்கத்துக்கும் துணிவு வரவில்லை. நான் படிச்சதும் அதால்தான். வன்னியில் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடந்தபோதும் கட்டணம் எண்டு ஒண்டு கேட்டதில்லை.

எனக்கு வைகைக்கரையிடம் ஒரு கேள்வி: அமைச்சர் போன பிறகும் ஒரு விசயம் நிற்கிறதுக்கு என்ன காரணம்? அதைத்தானே பயிற்சியில் முதலில் சொல்லவேணும்?

—

தாமரைக்குளம் எழுதியது:

யாழ்வாணி, மரத்தடிப் பள்ளி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். வாழ்க.

—

கோப்புக்காரர் எழுதியது:

யாழ்வாணி கேட்டதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சிறு பதில். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994-இல் மருத்துவப் பணிகள் கழகத்தை ஒரு தனி நிறுவனமாகப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் அதற்குரிய தொகை. கிடங்கிலிருந்து எடுக்க எடுக்க கழியும். மருந்து வந்ததும் தரச் சோதனைக்கு அனுப்பி, தேறிய பிறகே வழங்குவது. அதன் பிறகு ஆட்சி எத்தனை முறை மாறியது! இரண்டு கட்சிகளும் ஒன்றின் திட்டத்தை மற்றொன்று நிறுத்தியதும் உண்டு. இதை யாரும் கலைக்கவில்லை. மருந்து வராவிட்டால் அடுத்த வாரமே சட்டசபையில் கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

—

வைகைக்கரை எழுதியது:

யாழ்வாணியின் கேள்விக்கு இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதல் பதிவில் மெக்சிகோவைப் புகழ்ந்தேன். அந்தக் கதையின் முடிவு வேறு. செகுரோ பொபுலாரில் ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஃபிரெங்க் இருக்கும்போதே வெளி ஆய்வாளர்களை வைத்து, சில பகுதிகளுக்கு முதலில், சில பகுதிகளுக்குப் பிறகு என்று பிரித்து, பலன் உண்டா என்று சோதிக்கவும் செய்தார்கள். அமைச்சர் ஒருவர் தன் திட்டத்தையே இப்படிச் சோதனைக்கு விடுவது அபூர்வம். அப்படியும் 2020 தொடக்கத்தில் புதிய அரசு அதைக் கலைத்து 'இன்சாபி' என்று வேறொரு நிறுவனம் வைத்தது. 2023-இல் அந்த இன்சாபியையும் மூடிவிட்டார்கள். நடுவில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோர் மருந்து கேட்டு விமான நிலையச் சாலையை மறித்தார்கள். சட்டமும் இருந்தது, ஆய்வும் இருந்தது, காப்பாற்ற முடியவில்லை.

இன்னொன்று தாய்லாந்து. 2001-இல் தக்சின் ஆட்சிக்கு வந்ததும் '30 பாட் (அந்த நாட்டு நாணயம்) கட்டணத்தில் எந்த நோய்க்கும் சிகிச்சை' என்று தொடங்கினார். ஆனால் அந்த யோசனை அவருடையது இல்லை. சங்குவான் நித்தயாரம்போங் என்ற மருத்துவர் கிராமப்புற மருத்துவமனையில் வேலை பார்த்து, பிறகு சுகாதார அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்து, பல வருடமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த திட்டம். ஒவ்வொரு கட்சியிடமும் அதை எடுத்துச் சொன்னார். ஒரு கட்சி பிடித்துக்கொண்டது. 2002-இல் சட்டம். அதோடு சுகாதார அமைச்சகத்திலிருந்து விலகி நிற்கும் தனி அலுவலகம். அதன் ஆட்சிக் குழுவில் குடிமக்கள் அமைப்புகளுக்கும் இடம். 2006-இல் ராணுவம் தக்சினைக் கவிழ்த்தது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த திட்டம், கவிழ்த்தவர்கள் நிறுத்தியிருக்கலாம். அவர்களோ அந்த 30 பாட் கட்டணத்தையும் எடுத்துவிட்டு முழு இலவசமாக்கினார்கள்!

இரண்டு நாட்டிலும் சட்டம் இருந்தது. என் கணிப்பில் வித்தியாசம் இதுதான்: தாய்லாந்தில் அதற்கு முன்பே எழுபது, எண்பதுகளிலிருந்து மாவட்ட மருத்துவமனைகளும், கிராமத்துக்குப் போன மருத்துவர்களின் சங்கமும், நோயாளிகள் அமைப்புகளும் இருந்தன. திட்டத்தைத் தங்களுடையது என்று நினைத்தவர்கள் அரசுக்கு வெளியே நிறையப் பேர். மெக்சிகோவில் திட்டத்தின் நண்பர்கள் நிபுணர்களாகவே இருந்துவிட்டார்கள். மாநிலங்களுக்குப் போன பணத்தில் நடந்த முறைகேடுகளும் அதன் பெயரைக் கெடுத்தன.

செங்காந்தள் கேட்டதும், மழைப்பொழுது சொன்னதும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கின்றன. ஒரு அமைச்சர் நிதித்துறையை ஜெயிப்பதோடு வேலை முடிவதில்லை. செவிலியர் சங்கம், ஆசிரியர் சங்கம், நோயாளிகள், பெற்றோர் இவர்களோடு உட்கார்வதும் அதே அளவு கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. முதல் பதிவில் நான் சொன்ன மூன்றோடு இதையும் சேர்க்கிறேன். நல்ல பயிற்சி என்றால் ஹார்வர்டு பேராசிரியரைவிட, ஒரு திட்டத்தைக் கட்டிப் பறிகொடுத்த முன்னாள் அமைச்சரும், வாசலில் போராடிய பெற்றோர் ஒருவரும் வந்து பேசுவது என்பேன்.

—

தாமரைக்குளம் எழுதியது:

சரி, என் எதிர்ப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் சுகாதாரத்தையே பேசுகிறீர்கள். ஊசி போட்டால் எண்ணலாம். பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்பதை எப்படி எண்ணுவது? ஐந்தாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குத் தமிழில் ஒரு பத்தி வாசிக்க வரவில்லை என்றால் அதற்கு எந்த அமைச்சரும் பதவி இழப்பதில்லை. மேம்பாலம் கட்டவில்லை என்றால் இழப்பார்.

—

வைகைக்கரை எழுதியது:

அம்மா, இதற்குப் பிரேசிலில் ஒரு பதில் இருக்கிறது. வடகிழக்கில் சியாரா என்ற ஏழை மாநிலம். அதில் சோப்ரால் என்று ஒரு ஊர். இருபது வருடத்துக்கும் முன்பு அங்கே பிள்ளைகளைச் சோதித்தபோது, எட்டு வயதாகியும் வாசிக்கத் தெரியாதவர்கள் ஏராளம் என்று தெரிந்தது. ஊர் நிர்வாகம் ஒரே ஒரு இலக்கை எடுத்துக்கொண்டது: எல்லாப் பிள்ளைக்கும் ஏழு வயதுக்குள் வாசிப்பு. தலைமை ஆசிரியர் பதவியை அரசியல் சிபாரிசில் கொடுப்பதை நிறுத்தி, தேர்வு வைத்தார்கள். சின்னச் சின்னப் பள்ளிகளை இணைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2015-இல் நாட்டின் தேசியக் கல்விக் குறியீட்டில், பணக்காரத் தெற்கு மாநிலங்களையெல்லாம் தாண்டி, அந்த ஊர் முதலிடத்துக்கு வந்தது.

நீங்கள் கேட்ட 'மேம்பால' விஷயம் இதற்கு அடுத்தது. சோப்ராலில் மேயராக இருந்தவரே பிறகு மாநில ஆளுநரானார் (அங்கே அது நம் முதலமைச்சர் போல மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி). 2007-இல் மாநில விற்பனை வரியில் ஊர்களுக்குப் பிரித்துத் தரும் பங்கின் விதியை மாற்றினார்கள். அதில் 18 சதவீதத்தை, அந்தந்த ஊர்ப் பிள்ளைகளின் தேர்ச்சியை வைத்துத் தருவது. 5 சதவீதம் சுகாதாரத்துக்கு, 2 சதவீதம் சுற்றுச்சூழலுக்கு. கல்விப் பங்கில் பெரும் பகுதி இரண்டாம் வகுப்பு வாசிப்புக்கே. 184 ஊர்களின் மேயர்களும் பள்ளிக்கூடத்துப் படியேற ஆரம்பித்தார்கள்.

—

தாமரைக்குளம் எழுதியது:

அப்படியானால் நன்றாகப் படிக்கும் ஊருக்கு மேலும் பணம், பின்தங்கிய ஊருக்கு வெட்டா? அதை எப்படி ஏற்பது? அந்தப் பணத்தைப் பள்ளிக்குத்தான் செலவிட வேண்டுமா?

—

வைகைக்கரை எழுதியது:

முதல் கேள்வி நியாயமானது. மதிப்பீட்டில் தேர்ச்சி அளவை மட்டும் பார்ப்பதில்லை, முந்தைய வருடத்திலிருந்து எவ்வளவு முன்னேற்றம் என்பதையும் பார்க்கிறார்கள். அடிமட்டத்தில் இருக்கும் ஊரும் ஏறிவந்தால் பங்கு கூடும். அதோடு, நன்றாகச் செய்யும் பள்ளிக்குப் பரிசுப் பணத்தின் ஒரு பகுதியைத் தரும்போது, பின்தங்கிய பள்ளி ஒன்றோடு சேர்ந்து வேலை செய்து அதையும் தூக்கிவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அந்தப் பள்ளி முன்னேறினால்தான் மீதிப் பணம்.

இரண்டாவது, வரிப் பங்கைப் பள்ளிக்கே செலவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. மேயர் அதை வைத்துச் சாலை போடலாம், மேம்பாலமும் கட்டலாம். அதனால்தான் கல்வியில் ஆர்வமே இல்லாத மேயருக்கும் இரண்டாம் வகுப்பின் மேல் கண் வந்தது. 2020-இல் பிரேசில் அரசியல் சட்டத்தையே திருத்தி, எல்லா மாநிலங்களும் இந்த வரிப் பங்கில் குறைந்தது 10 சதவீதத்தைக் கல்வி முன்னேற்றத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

—

கோப்புக்காரர் எழுதியது:

நம் ஊரில் உள்ளாட்சிகளுக்கான வரிப் பகிர்வு மாநில நிதி ஆணையம் வழியாக நடக்கிறது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பெரும்பாலான பள்ளிகளின் நிர்வாகம் அந்த அமைப்புகளின் கையில் இல்லை என்பதால் இதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் சத்துணவு, பள்ளிக் கட்டடப் பராமரிப்பு, கழிப்பறை, குடிநீர் என்று உள்ளாட்சியின் பொறுப்பில் வரும் பகுதிகளுக்கு இப்படி ஒரு விதி எழுதலாம். என் காலத்தில் யாரும் இப்படி ஒரு கோப்பு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நான் கேள்வி போட்டிருப்பேன், ஆனால் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். வரைவு ஒன்று எழுதிப் பார்க்கிறேன். மழைப்பொழுது, தாமரைக்குளம் இருவரும் அதில் எங்கே ஏமாற்று நடக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.